துரு ஏறாத இடம்

தேய்த்த இடத்தில் துரு ஏறவில்லை.

பெரியவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மழைக்காலம். தகரக் கூரையிலிருந்து இறங்கும் ஈரம் சுவரிலும் கருவிகளிலும் மனிதர்களின் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற நாட்கள். இப்படிப்பட்ட நாளில் இரும்பின் மேல்தோலை உரித்துவிட்டு எண்ணெய் பூசாமல் விட்டால், மறுநாள் காலைக்குள் மஞ்சள் பொடி தூவியதுபோல் துரு பூத்துவிடும். பூத்தும் இருந்தது. அந்தப் பழைய லாரியின் அடிச்சட்டத்தில் உரித்த இடங்களில் எல்லாம் துரு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. வலது முன்சக்கரத்துக்குப் பின்னால், சட்டத்தின் வெளிமுகத்தில், ஒரு கையகல இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. யாரோ இப்போதுதான் தேய்த்து முடித்து மெஷினைக் கீழே வைத்துவிட்டுப் போனதுபோல.

தேய்த்தவர் அவர்தான். தேய்த்து நாட்கள் ஆகியிருந்தன.

விரலை வைத்துப் பார்த்தார். ஈரமில்லை. எண்ணெயில்லை. இரும்புக்கு உரிய குளிர்ச்சியும் இல்லை. விரல் எதையோ தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கண் சொன்னது, விரல் சொல்லவில்லை. ஆற்று வண்டலின் வாடை மட்டும் லேசாக வந்தது. அது அந்த லாரி வந்த நாளிலிருந்தே இருந்த வாடை. அவர் நிமிர்ந்து, துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். துடைக்க ஒன்றுமில்லை.

பழைய கனரக லாரிகளைப் பழையபடி ஆக்கித் தருவது அந்தக் குடும்பத்தின் தொழில். அதைவிடப் பெரிய தொழில், வந்து நிற்பது எந்த லாரி என்று சொல்வது. பழைய லாரி என்பது பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. இன்ஜின் ஒன்றினுடையது, கதவு இன்னொன்றினுடையது, காகிதம் மூன்றாவது ஒன்றினுடையது என்று கலந்துகட்டி வந்து நிற்கும். அடிச்சட்டம் எதுவோ அதுதான் லாரி. சட்டத்தில் தொழிற்சாலை அடித்த எண்தான் அதன் பெயர். அந்த எண்ணைப் படித்து, இது இன்னதுதான் என்று இந்த வீட்டு ஆள் சொல்லிவிட்டால், விற்கிறவனும் வாங்குகிறவனும் வழக்காடுகிறவனும் அதற்குமேல் வாய் திறப்பதில்லை. அந்த மரியாதை சும்மா வரவில்லை. அப்பா சம்பாதித்துக் கொடுத்தது.

ஊர் நடுவில், கண்ணாடிக் கூடத்துக்குள், ஒரு லாரி நிற்கிறது. பெருவெள்ளத்தின்போது பழைய பாலத்தில் நடைமேல் நடையாக ஜனங்களை அக்கரை சேர்த்த லாரி அது. கடைசி நடையில் பாலம் இடிந்து, லாரியும் ஓட்டுநரும் ஏறியிருந்தவர்களும் ஆற்றோடு போனார்கள். ஓட்டுநரின் உடலோ மற்றவர்களின் உடலோ கிடைக்கவில்லை. யார் யார் ஏறினார்கள் என்றுகூட யாருக்கும் தெரியாது. பல வருஷம் கழித்து, பழைய இரும்புக் குவியல் ஒன்றில் அப்பா அந்த லாரியைக் கண்டுபிடித்தார். எண்ணைப் படித்துக் காட்டினார். 31764. ஊரே அழுதது. கூடத்தின் பித்தளைத் தகட்டில் ஓட்டுநரின் பெயருக்குக் கீழே அப்பாவின் பெயரும் இருக்கிறது. மற்றவர்கள் தங்கள் பிறந்த நாளைச் சொல்வதுபோல் இந்த வீட்டில் அந்த எண்ணைச் சொல்வார்கள்.

இப்போது அதே எண் பட்டறைக்குள் வந்து நின்றது.

ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் மண் அள்ளியவர்கள் தோண்டி எடுத்த லாரி. அதை வாங்கியவர் ஒரு பல் டாக்டரம்மா. ஐம்பது வயதுக்காரர், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, ஆனால் பழைய லாரி என்றால் உயிர். வண்டலை அடித்துக் கழுவி, சட்டத்தை உரித்தபோது, பட்டறை விடுமுறை நாளில், ஆள் இல்லாத பகல் நேரத்தில், பெரியவர் அந்த எண்ணைப் பார்த்தார். இரு பக்கமும் தொழிற்சாலையின் சின்ன நட்சத்திரம். நடுவே ஐந்து இலக்கம். கண்ணாடிக் கூடத்து லாரியில் நட்சத்திரம் இல்லை. வாலிபத்தில் ஒருமுறை அதைக் கேட்டிருக்கிறார். "ஆரம்பத்துல வந்த வண்டிக்கு நட்சத்திரம் கிடையாதுடா," என்றார் அப்பா. அவ்வளவுதான். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

அப்படியென்றால் கூடத்து லாரியில் அந்த எண்ணை அடித்தது யார் என்ற கேள்வி, அன்று சட்டத்தின் முன்னால் குந்தியிருந்த பெரியவருக்கு எதிரே வந்து நின்றது. அவர் அதை உள்ளே விடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கிரைண்டிங் மெஷினை எடுத்தார். தேய்த்தார். கோபமில்லை, பயமில்லை, வருத்தம்கூட இல்லை. செத்தவர் பெயரில் சேறு விழாமல் துண்டைப் போட்டு மூடுகிற காரியம். எந்த மகனும் செய்வதுதான்.

*

"அண்ணே, இங்க வந்து இந்தக் கூத்தைப் பாருங்க," என்றார் சின்னவர்.

சின்னவர் தம்பி. இன்ஜினும் அடிவேலையும் அவர் பொறுப்பு. காலையிலிருந்து மாலைவரை வாய் ஓயாது, கையும் ஓயாது. லாரியின் பின்சக்கரத்தருகே மல்லாந்து படுத்திருந்தவர், தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"வில்பட்டை மொத்தமும் தட்டையா இருக்கு. வெறும் வண்டிக்கு இது வளைஞ்சு நிக்கணும்ல? கழுத்துவரைக்கும் லோடு ஏத்தின மாதிரி உக்காந்திருக்கு. மேல பலகைகூட இல்ல, ஒரு எலி ஏறினாத்தான் லோடு."

"ஆத்துக்குள்ள கிடந்தது. இரும்பு தளர்ந்திருக்கும்."

"அதான் நானும் நினைச்சேன். நினைச்சுத்தான் நேத்து புதுசு போட்டேன்." சின்னவர் சிரித்தார். "புதுசும் படுத்துக்கிச்சு. என் மாமியார் உக்காந்த நாற்காலி மாதிரி."

பெரியவர் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதில்லை என்பது பட்டறைக்குத் தெரிந்த விஷயம். சின்னவர் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துச் சிரித்துக்கொள்வார். புதிய பட்டைகளைப் பெரியவர் குனிந்து பார்த்தார். கறுப்பு மை இன்னும் போகாத, நல்ல பதம் வைத்த பட்டைகள். நேர்கோடாகக் கிடந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எங்கோ ஒரு சின்ன முனகல் கேட்டது. பட்டையோடு பட்டை உரசுகிற ஒலி. கூட்டத்தில் ஒருவர் கொஞ்சம் நகர்ந்து இன்னொருவருக்கு இடம் விட்டால் வண்டி அப்படித்தான் முனகும்.

அன்று பகலிலேயே டாக்டரம்மா வந்தார். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வழக்கம்போல் யோசித்துவிட்டு, கழற்றாமல் உள்ளே வந்தார்.

"வாங்க டாக்டரம்மா. கியர்ல மூணு பல்லு இல்ல. உங்க டிபார்ட்மெண்ட். ஊசி போட்டுக் கட்டிடுங்க," என்றார் சின்னவர்.

"உங்க வண்டி பரவாயில்ல சின்னவரே, வாயைத் திறந்து காட்டுது. உங்க அண்ணன் மாதிரி வாயே திறக்காத கேஸ்தான் எங்களுக்குக் கஷ்டம்." டாக்டரம்மா பெரியவரைப் பார்த்துக் கைகூப்பினார். "எண் கிடைச்சுதுங்களா ஐயா?"

"இல்லம்மா. துரு தின்னுடுச்சு."

அவர் குரல் நேராக வந்தது. நாற்பது வருஷமாக இந்த இடத்தில் நின்று பேசிய அதே குரல். டாக்டரம்மா சட்டத்தை ஒட்டிக் குனிந்து நடந்தார். முன்சக்கரத்துக்குப் பின்னால் வந்ததும் நின்றார். நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

"இந்த இடம் மட்டும் என்னங்க இப்படி வழவழன்னு இருக்கு? ராவினதுதானே இது?"

"துரு ஆழமா இருந்துச்சு. எடுத்தோம்."

"ஓ." அவர் விரலால் தடவினார். தடவிய விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார், பெருவிரலால் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "மரத்துப்போற மாதிரி இருக்கு. எங்க மருந்து போட்டா இப்படித்தான் இருக்கும்." சிரித்தார். பிறகு சொன்னார்: "பரவாயில்லீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். தேய்ச்ச இரும்புல ஆசிட் தடவி எழுத்தை வரவழைக்கிறவர். எண் அடிக்கும்போது அடியோட அதிர்ச்சி இரும்புக்கு உள்ள இறங்கிடுமாமே, மேல தேய்ச்சாலும் உள்ள இருக்குமாம். அடுத்த வாரம் கூட்டிட்டு வரேன். யாருக்குத் தெரியும், பாலத்து வண்டிக்குக் கூடப்பிறந்ததா இருந்தாலும் இருக்கும். இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும், இல்லீங்களா?"

"நல்லா இருக்கும்," என்றார் பெரியவர்.

*

இரும்பு தான் பட்ட அடியை மறக்காது என்பது அவருக்கு டாக்டரம்மா சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதை மறக்கச் செய்யும் வழியும் தெரியும். செந்நிறமாகப் பழுக்கும்வரை காய்ச்ச வேண்டும். காய்ச்சினால் இரும்பு எல்லாவற்றையும் விட்டுவிடும்.

மறுநாள் சின்னவரைச் சாமான் வாங்க அனுப்பிவிட்டு, கேஸ் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்தார். மழை தகரத்தின்மேல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே நெருப்பின் சீறல். அதற்கும் கீழே, சட்டம் சூடேறச் சூடேற, ஈரமண் காய்கிற வாடை, ஆற்றங்கரைச் சேற்றில் வெயில் ஏறும்போது வருமே, அந்த வாடை கிளம்பி மூக்கில் உட்கார்ந்துகொண்டது. அந்த இடம் மங்கலாகச் சிவந்தது. பிறகு நன்றாகச் சிவந்தது. சிவப்புக்குள் எதுவும் தெரியவில்லை. அவருக்கு நிம்மதி என்று சொல்லும்படி ஒன்றும் தோன்றவில்லை. முடிந்தது என்று மட்டும் தோன்றியது.

அப்போது வேறொரு வாடை வந்தது. முடி கருகுகிற வாடை. சுற்றுமுற்றும் பார்த்தார். எண்ணெய்த் துணி எதுவும் பற்றவில்லை. பிறகுதான் கையைப் பார்த்தார். இடது கைப் பெருவிரல் சிவந்த சட்டத்தின்மேல் இருந்தது. எவ்வளவு நேரமாக இருந்தது என்று தெரியவில்லை. எடுத்தபோது தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

வலிக்கவில்லை.

துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். சின்னவரின் மனைவி சோறு போட்டு வைத்திருந்தாள். உட்கார்ந்து பிசைந்தார். சூடா, ஆறியதா என்று கைக்குத் தெரியவில்லை. பூட்டிவிட்டு வந்த பட்டறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

டக்.

கொஞ்சம் இடைவெளி.

டக்.

இரும்பின்மேல் சுத்தியல் விழும் சத்தங்களில் ஒவ்வொன்றும் ஒரு விதம். தட்டி நிமிர்த்தினால் மணி மாதிரி இழுக்கும். ஆணி அடித்தால் கீச்சென்று முடியும். எண் அச்சை நிறுத்தி ஒரே அடியாக அடித்தால் மட்டும் இழுவை இருக்காது, வெட்டினதுபோல் நிற்கும். அடித்துவிட்டு அச்சை எடுத்துக் கீழே வைத்து, அடுத்த அச்சை எடுத்து, நேர் பார்த்து நிறுத்துகிற நேரம்தான் அந்த இடைவெளி. அவர் சோற்றை வாயில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நட்சத்திரம் ஒன்று. இலக்கங்கள். நட்சத்திரம் இன்னொன்று. பிறகு மழை மட்டும்.

"சின்னவர் வந்துட்டாராம்மா?"

"இல்லையே மாமா. குடைகூட எடுத்துட்டுப் போகல. நனைஞ்சுக்கிட்டு வந்து என் உயிரை வாங்குவாரு."

போய்ப் பார்த்தார். நெருப்புப் பட்ட கருமைக்கு நடுவே, தெளிவாக, ஆழமாக, ஓரங்களில் இரும்பு பிதுங்கி நிற்க, எண் இருந்தது.

தேய்த்தார். மறுநாள் காலையில் இருந்தது. தேய்த்தார். இருந்தது. சட்டம் கரண்டிபோல் குழிந்துகொண்டே போனது. குழியின் அடியில் எண் அதே அளவில், அதே ஆழத்தில் உட்கார்ந்திருந்தது. குழியை வெல்டிங் வைத்து நிரப்பினார். வெல்டிங் ஆறுவதற்குள், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சத்தமில்லாமல், ஈரமாவில் விரல் பதிவதுபோல் முதல் நட்சத்திரம் அமுங்கியது. அவர் மெஷினை மறுபடியும் எடுத்தார். திகைத்து நிற்க நேரமில்லை. ஆசிட்காரர் வரும் நாள் வந்துகொண்டிருந்தது. அவருக்கு ஆசிட்கூடத் தேவைப்படாது. குனிந்தாலே போதும். டாக்டரம்மா ஒரு படம் எடுப்பார். அதைக் கண்ணாடிக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பார்கள். பித்தளைத் தகட்டைக் கழற்றுவார்கள். கழற்றும்போது ஜனங்கள் நின்று பார்ப்பார்கள்.

*

சின்னவர் பேச்சைக் குறைத்துக்கொண்டது எப்போது என்று பெரியவர் கவனிக்கவில்லை. பட்டறை அமைதியாக இருக்கிறதே என்று ஒருநாள் தலையைத் தூக்கியபோது, சின்னவர் லாரியின் பின்பக்கம், சாமான் ஏற்றும் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். கையில் துடைப்பம். ஒரு கால் ஏறுபலகையில். பெட்டிக்குப் புதிதாகப் பலகை போட்டிருந்தார்கள், மரத்தூள் கூட்டவேண்டியிருந்தது. ஏறவில்லை. இறங்கவுமில்லை. முகம் உள்ளே பார்த்திருந்தது.

"என்னடா?"

சின்னவர் மெதுவாகக் காலை எடுத்துத் தரையில் வைத்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"மேல ஏறலாம்னு பார்த்தேன்," என்றார். "இடமில்லண்ணே."

பெரியவர் போய் எட்டிப் பார்த்தார். வெறும் பலகை. புது மரத்தின் மஞ்சள். ஒரு மூலையில் மரத்தூள் குவிந்திருந்தது. ஆனால் மற்ற இடங்களில் தூள் பரவியிருந்த விதம் சரியில்லை. நிறையப் பேர் நெருக்கி நிற்கிற இடத்தில் தூளைத் தூவினால், பாதங்கள் இருக்கும் இடங்கள் மட்டும் சுத்தமாக இருக்கும் அல்லவா? பெரிய பாதங்கள். சின்னப் பாதங்கள். விளிம்பை ஒட்டி, ஒன்றின் பக்கத்தில் ஒன்று.

வில்பட்டை முனகியது.

அவர் பார்வையை எடுத்துக்கொண்டார். மெஷின் பக்கம் திரும்பிப் போனார். என்ன என்று தம்பி கேட்கவில்லை. இந்த வீட்டில் கேட்டுப் பழக்கமில்லை.

அதற்குப் பிறகு எண் லாரியோடு நிற்கவில்லை. பட்டறையில் நின்ற மற்ற வண்டிகளின் சட்டங்களில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் இருந்த இடத்தில், ஒவ்வொன்றையும் படித்து அவரும் அப்பாவும் பெயர் சொல்லிய இடத்தில், எல்லாம் ஒரே எண். மேசையில் பொருத்திய, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸின் தாடையில் வந்தது. வாசல் தாழ்ப்பாளில் வந்தது. ஒருநாள் சின்னவரின் மனைவி இரும்புச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"இது என்ன மாமா, சட்டியில நம்பர் அடிச்சிருக்கு? லாரியோட சேர்த்து இதையும் பதிவு பண்ணப் போறீங்களா? ரோட்டுல ஓட்டணுமா நான்?"

"கொடும்மா."

வாங்கிக்கொண்டுபோய்த் தேய்த்தார். தாழ்ப்பாளைத் தேய்த்தார். வைஸைத் தேய்த்தார். மெஷின் கையில் அதிர்வதைக் காது சொல்லித்தான் தெரிந்துகொண்டார். மணிக்கட்டுவரை உணர்ச்சி போயிருந்தது, பிறகு முழங்கைவரை. மனதிலும் அதேபோல் ஏதோ மேலே ஏறிக்கொண்டிருந்தது. பயப்படவேண்டும் என்பது தெரிந்தது. ஒருவர் பெயர் நினைவிருக்கிறது, முகம் வரமாட்டேன் என்கிறது என்பதுபோல், பயத்தின் பெயர் மட்டும் நினைவிருந்தது. தேய்ப்பது ஒன்றுதான் வேலை. வேலை இருக்கும்வரை நல்லது.

*

டாக்டரம்மா வருவதாகச் சொன்ன நாளில் காலையிலிருந்தே வெளிச்சம் வரவில்லை. மேகம் கூரையளவுக்கு இறங்கி நின்றது. பட்டறைக்குள் குழல்விளக்குகள் எரிந்தன; ஒன்று விட்டுவிட்டுத் துடித்தது. வண்டல் வாடை இப்போது வாடையாக இல்லை, காற்றே அதுவாக இருந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சில் கனமாக ஏதோ படிந்தது.

பெரியவர் கடைசியாகச் சட்டத்தைத் தேய்த்து முடித்தார். குழி மறுபக்கம் வரை போய்விட்டது. ஓட்டை. ஓட்டைக்கு எண் கிடையாது. மற்ற வண்டிகள், முடிந்தது. வைஸ், முடிந்தது. தாழ்ப்பாளைக் கழற்றிக் கிணற்றில் போட்டாயிற்று. திரும்பிப் பார்த்தார். எங்கும் இல்லை. முதல்முறையாக எங்கும் இல்லை.

டெலிபோன் அடித்தது. "ஐயா, கிளம்பிட்டோம்," என்றார் டாக்டரம்மா. "ஆசிட்காரரும் கூட இருக்கார். மழையா இருக்கு, மெதுவாத்தான் வருவோம்."

"வாங்கம்மா."

போனை வைத்தார். சத்தம் கேட்டது.

டக்.

மிக அருகில். இரும்பின்மேல் விழுகிற சத்தமில்லை. இன்னும் மந்தமானது. நனைந்த மரத்தின்மேல் விழுவதுபோல.

டக்.

அவர் எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லை. முடியும்வரை நின்றார்.

சின்னவர் வீட்டுப்பக்கக் கதவு வழியாக உள்ளே வந்தார். நிதானமாக வந்தார். குழல்விளக்குக்குக் கீழே இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு, அண்ணனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தார்.

"அண்ணே, எனக்குப் பார்க்க எட்டல. நீங்க பார்த்துச் சொல்லுங்க." சட்டையைத் தோளிலிருந்து இறக்கினார். "நட்சத்திரம் இருக்கா?"

கழுத்துக்குக் கீழே, ஒரு தோளிலிருந்து மறுதோள் வரை. ரத்தமில்லை. காயமில்லை. தோல் உள்ளே அமுங்கி, ஓரங்களில் பிதுங்கி, மூலைகள் கூர்மையாக, ஆழமாக. நேர் பார்த்து அடித்த எண். ஒரு இலக்கம்கூடச் சாயவில்லை.

"இருக்கு," என்றார் பெரியவர்.

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்."

சின்னவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப இதுதான் அசல்."

விளக்கு துடித்தது. எங்கேயோ தண்ணீர் சொட்டியது.

"உனக்குத் தெரியுமா?"

"என்னண்ணே கேள்வி இது? கூடத்துல நிக்கிற வண்டிக்கு அடிவேலை செஞ்சவன் நான். இருபது வயசுல. அந்த அடியைப் பார்த்த அன்னைக்கே தெரியும். தொழிற்சாலை அடி இல்ல, கை அடி. ஏழு கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும்." பழைய சின்னவரின் குரல் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. "அப்பாகிட்ட கேட்டிருந்தா என்னையும் ஒரு அடி அடிச்சிருப்பாரு. வீட்டுப் பேச்சு வீட்டோட இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பெரியவர் தம்பியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் அந்த முதுகில் சவாரி செய்ததில்லை. அவர்தான் மூத்தவர், தம்பிதான் அவர் முதுகில் ஏறுவான்.

"சட்டையைப் போட்டுக்க. மறைஞ்சிடும்."

"சட்டை மேலயும் வருதுண்ணே. மூணு சட்டை மாத்திட்டேன்."

கழற்றிய சட்டையைத் தூக்கிக் காட்டினார். துணியில், தைத்ததுபோல், அமுங்கிய ஐந்து இலக்கம். இரு பக்கமும் நட்சத்திரம்.

வாசலில் கார் வந்து நின்றது. ஹார்ன் ஒருமுறை. கதவு திறக்கிற, மூடுகிற சத்தம். குடை விரிகிற சத்தம். "ஐயா!" என்று டாக்டரம்மாவின் குரல். "தாழ்ப்பாளைக் காணோமே, தள்ளிட்டு வரலாமுங்களா?"

லாரியின் வில்பட்டைகள் முனகின. மொத்தமாக. மேலே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து எட்டிப் பார்ப்பதுபோல.

"அவங்க உள்ள வர்றதுக்குள்ள முடிச்சிடுங்கண்ணே," என்றார் சின்னவர்.

"வலிக்குமேடா."

"இல்லண்ணே. எனக்கு எங்கயுமே ஒண்ணும் தெரியல. ரொம்ப நாளாவே."

பெரியவர் மெஷினை எடுத்தார். எடுத்தது தெரியவில்லை, கையில் இருந்தது. பொத்தானை அழுத்தினார். சக்கரம் சுழன்றது. குழல்விளக்கின் வெளிச்சத்தில் அது சுழலாமல் நிற்பதுபோல் இருந்தது. அப்பா பெயர். தகடு. கூடம். ஜனங்கள். குனிந்தார். முதல் நட்சத்திரத்தின்மேல் வைத்தார்.

பொறி பறந்தது.

நீளமான, ஆரஞ்சு நிறப் பொறி, நுனியில் கிளைகிளையாகப் பிரிந்து, தரையெங்கும் தெறித்தது. இரும்பு எந்தக் காலத்தது, எந்த ஆலையில் உருகியது என்பதைப் பொறியை வைத்தே சொல்லத் தெரிந்த கண் அவருடையது. இந்தப் பொறியில் சந்தேகமே இல்லை, பாலத்து லாரியின் இரும்பு. யார் கேட்டாலும் கையெழுத்துப் போடலாம்.

வாசல் கதவு திறந்தது. ஈரக்காற்று உள்ளே வந்தது. "ஐயா?" என்றது குரல். பிறகு அந்தக் குரல் வரவில்லை.

அவர் நிமிரவில்லை. இன்னும் இலக்கங்கள் இருந்தன. சின்னவர் கழுத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.